கிண்ணத்தில் இரண்டே இடத்தில் சொரசொரப்பு, தேய்த்தும் போகவில்லை

கேள்வி:
மரம் கடையும் லேத்தில் நான் கடைந்த ஏழாவது கிண்ணம், 8 அங்குல அகலம். வெளிப்புறத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் நார் பிய்ந்து பூனை நாக்கு மாதிரி இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வழவழப்பு. லேத்தை நிறுத்திவிட்டு அந்த இரண்டு இடத்தையும் 120-ஆம் எண் உப்புத்தாளால் (எண் கூடினால் தாள் நைசு) அரை மணி நேரம் தேய்த்தேன். சொரசொரப்பு அப்படியேதான் இருக்கிறது. ஓடவிட்டு விரல் வைத்தால் இப்போது ஏறி இறங்குகிறது. இன்னும் நைசான தாள் போடட்டுமா?

பதில் 1:
தாளைக் கீழே வையுங்கள். இது உளி வேலை. பலகையைக் குறுக்கே மாட்டிக் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உளி நாருக்கு எதிராகப் போகிறது. மழுங்கிய உளி அங்கே வெட்டாது, பிடுங்கும். அரை மில்லிமீட்டர் குழி விழுந்துவிட்டால் சுற்றிலும் அரை மில்லிமீட்டரைத் தாளால் எடுக்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் எடுத்திருக்கிறேன், தோள்பட்டை போனதுதான் மிச்சம்.

உளியைச் சாணை பிடியுங்கள். கடைசி வெட்டுக்கு முன்னால் மறுபடியும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் வெட்டுங்கள். உளி முனையின் தீட்டிய சாய்வுப் பக்கம் மரத்தின் மேல் படிந்தே நகரட்டும். பிய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் படுத்த நார் நிமிரும், உடனே மெல்லிசாக ஒரு வெட்டு. சீவல் சுருண்டு வந்தால் சரி. தூளாகக் கொட்டினால் மறுபடி சாணைக்குப் போங்கள். இரண்டு இடத்தை மட்டும் தேய்த்ததில் கெட்ட வட்டமும் அதிலேயே நேராகிவிடும்.

பதில் 2:
மரம் காய்ந்ததா? பச்சை மரம் என்றால் தானாகவே கோணும், ஏறி இறங்குவதற்குத் தாளைக் குறை சொல்லாதீர்கள்.

தேய்க்கும்போது உளி தாங்கியைக் கழற்றிவிடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், முகமூடி கட்டாயம். விரல் சுடுகிறது என்றால் மரமும் சுடுகிறது. நார் முனை தெரியும் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விழும். 120, 180, 240, 320 என்று ஒன்றையும் தாண்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தூசியைத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
காய்ந்த மரம்தான். சாணை பிடித்து மூன்றே வெட்டு, பூனை நாக்கு போய்விட்டது. நேராக 180-இல் ஆரம்பித்தேன். ஆனால் எண்ணெய் பூசியதும் உள்ளே அடிப்பகுதியில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. அங்கே விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை.

பதில் 2:
எண்ணெய் காயட்டும். அப்புறம் 180-இலிருந்து மறுபடி.