ரெஜிஸ்டர் முடிந்தது, தாலி ஆவணியில்: அதுவரை காத்திருப்பது தேவையா?

கொட்டகலைக்காரி:
எங்களுக்குத் தை மாதம் ரெஜிஸ்டர் முடிந்தது. தாலி கட்டுவது ஆவணியில். அவர் வீட்டில் அம்மா, பாட்டி, தம்பி, தங்கச்சி எல்லாரும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் இருக்கிறார்கள். புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருக்கிறது. கூரை ஏறியதும் கல்யாணம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். மற்றதெல்லாம் தாலிக்குப் பிறகுதான் என்று இரண்டு பேரும் பேசித்தான் முடிவு எடுத்தோம். இப்போது அவருடைய கூட்டாளிமார் "சட்டப்படி பொண்டாட்டி, இன்னும் என்னடா தள்ளி நிற்கிறாய்" என்று ஏற்றிவிடுகிறார்கள். அவருக்கு மனது ஆடுகிறது. எனக்கு ஆடவில்லை. நான் பிடிவாதம் பிடிக்கிறேனா?

மஸ்கெலியா மச்சான்:
தங்கச்சி கோபிக்க வேண்டாம், ஆமாம் என்றுதான் சொல்வேன். சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்ட அன்றே நீங்கள் புருசன் பொண்டாட்டி. தாலி ஊருக்காக. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் சொல்கிறபடி உங்கள் தாம்பத்தியத்தை நடத்தப் போகிறீர்களா? ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று புதுச்சோடியைப் பிரித்து வைத்தவர்கள்தானே நம் ஆட்கள். நுவரெலியாவில் சித்திரை மலர்க் கண்காட்சிக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறோம். எந்த ஊர் வெயிலுக்கு இந்தப் பயம்?

பாதி வக்கீல்:
மச்சான் சொன்னதில் முதல் பாதி சரி. பதிவு முடிந்தால் கல்யாணம் முடிந்தது. தாலி இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்காது. ஆவணிக்குள் மனது மாறினால் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துதான். அதற்கும் கல்யாணத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கல்யாணத்தின்போதே இருந்த குணமாகாத ஆண்மைக் குறைபாடு என்ற மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படி.

ஆனால் "சட்டப்படி பொண்டாட்டி" என்பதை ஒரு காரணமாகத் தூக்கிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் பிரித்து வைத்த மனைவியாக இருந்தால் மட்டும்தான் கணவன் செய்வது வல்லுறவாகும். சேர்ந்து வாழ்கிற மனைவிக்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை. அவளுக்கு மிஞ்சுவது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றத்தில் ஒரு பாதுகாப்புக் கட்டளை. சட்டம் இவ்வளவு கைவிட்ட ஓர் இடத்தில் அதையே காட்டி உரிமை கேட்பது நியாயமா?

மஸ்கெலியா மச்சான்:
தம்பி, நான் யாரையும் பலவந்தப்படுத்தச் சொல்லவில்லையே! விருப்பம் இருந்தால் எதற்கு ஒத்திவைக்க வேண்டும் என்று கேட்டேன். மாதம் ஒரு தடவை பார்க்கிறவர்கள், பார்க்கிற அன்றும் எட்ட நின்று பேசிவிட்டுப் போனால் ஒட்டுதல் எப்படி வரும்?

கொட்டகலைக்காரி:
அண்ணா, பிள்ளை தங்கிவிட்டால்? ஆவணியில் மணவறையில் உட்காரும்போது ஊர் விரலை மடித்து மாதம் எண்ணும். என்னைத்தான் எண்ணும், அவரை இல்லை.

பதுளை அக்கா:
ஊர் எண்ணுவதை விடு தங்கச்சி, எண்ணட்டும். நான் காத்திருக்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவுக்கு இரண்டு பேரும் இரத்தம் பார்த்தீர்களா? எங்கள் பதுளைப் பக்கம் அந்த நோய் அதிகம். இரண்டு பேரும் காவிகளாக, அதாவது நோய் தெரியாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு கடுமையான நோயோடு பிள்ளை பிறக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை எடுக்க மருந்தும் வேண்டும்.

மஸ்கெலியா மச்சான்:
அக்கா, அது ரெஜிஸ்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியது. இப்போது பார்த்து என்ன பயன்?

பதுளை அக்கா:
முன்னால் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் கரு தங்குவதற்கு முன்னால் பார்ப்பதற்கும் தங்கிய பிறகு பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. இங்கே தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, 1883ஆம் ஆண்டிலிருந்து அதே கதை. பிறகு தெரிந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். முதலில் தோட்டத்து மிட்வைஃபைப் போய்ப் பாருங்கள். எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் புதுமணத் தம்பதியருக்கென்று வகுப்பு இருக்கிறது, இரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அமிலம் எல்லாம் அங்கேயே கேட்கலாம். பிள்ளை இப்போது வேண்டாம் என்றால் மாத்திரை, ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெப்போ ஊசி என்று வழி இருக்கிறது. பிள்ளைப் பயம் மட்டும்தான் காரணம் என்றால் அதற்கு மருந்து உண்டு. வேறு காரணம் இருந்தால் அது உன் விருப்பம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டு லயம்:
எல்லாரும் சட்டம், மருந்து என்று பேசுகிறீர்கள். இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறார்கள். புதுச்சோடி வந்தால் மற்றவர்கள் இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு படுப்பார்கள், பாட்டி இருமுவது உள்ளே கேட்கும், உள்ளே வளையல் சத்தம் பாட்டிக்குக் கேட்கும். எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து தனிமை என்பது மற்றவர்கள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, போன பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரம்தான். அதனால் கூரை ஏறட்டும் என்று சொன்ன பெரியவர்களை நான் பழமைவாதிகள் என்று சொல்லமாட்டேன், பட்டவர்கள்.

ஆனால் தங்கச்சி, ஒரு எச்சரிக்கை. ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் அத்திவாரத்தோடு நிற்கிற வீடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். சீமெந்து விலை ஏறும், வீடு கட்டுகிற மேசன் பாஸ் வேறு வேலைக்குப் போய்விடுவார், மழை இரண்டு மாதத்தைத் தின்றுவிடும். ஆவணி தையாகும், தை அடுத்த ஆவணியாகும். உங்கள் வாழ்க்கையைக் கூரைத் தகரத்தோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

மஸ்கெலியா மச்சான்:
இதைத்தான் அப்போதிருந்து நானும் சொல்கிறேன்!

மேட்டு லயம்:
இல்லை மச்சான், நீ அவளைக் காத்திருக்காதே என்கிறாய். நான் வீட்டுக்காகக் காத்திருக்காதே என்கிறேன். தாலிக்காகவோ மனதுக்காகவோ காத்திருந்தால் அது அவர்கள் பாடு.

பாதி வக்கீல்:
இன்னொன்று. கூட்டாளிமார் சொல்கிறார்கள் என்பதற்காக ஒரு பேச்சை மாற்றுகிற ஆள், நாளைக்கு அம்மா சொல்கிறார் என்பதற்காக வேறு பேச்சையும் மாற்றுவார். இதைச் சண்டையாக்காமல் இப்போதே பேசிவிடுங்கள்.

மஸ்கெலியா மச்சான்:
அடேய், அவர் ஆடுகிறார் என்றுதான் எழுதியிருக்கிறாள், மாறிவிட்டார் என்று இல்லை. இருபத்தேழு வயதுப் பையன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், ஆடாமல் என்ன செய்வான்?

கொட்டகலைக்காரி:
வயது இருபத்தெட்டு, அண்ணா. :) நேற்று இரவு போனில் பேசினேன். வீடு முடியாவிட்டாலும் ஆவணியில் தாலி, வாடகைக்கு ஹட்டனில் ஒரு அறை பார்ப்போம் என்றார். அதுவரை நாங்கள் பேசியபடியே. கூட்டாளிமாரிடம் என்ன சொல்வார் என்று கேட்டேன், சிரித்தார், பதில் இல்லை. பதுளை அக்கா, அவர் கொழும்பிலேயே அந்த இரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு வந்தால் இங்கே கிளினிக்கில் காட்டலாமா, இல்லை இரண்டு பேரும் ஒன்றாகவே போக வேண்டுமா?

பதுளை அக்கா:
ரிப்போர்ட்டை எங்கே எடுத்தாலும் காட்டலாம். வகுப்புக்கு மட்டும் அவரையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே. மாதம் ஒரு தடவை வருவதை அந்த நாளில் வரச் சொல்லு.