காண்டம் கிழிந்துவிட்டது என்று வருபவர்கள்

நாமக்கல் வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் தனியாகப் பேசுவதும், ஆணுறை அணியும் முறையை மரத்தாலான மாதிரியில் செய்துகாட்டுவதும் என் அன்றாட வேலை. "காண்டம் போட்டுத்தான் இருந்தேன், ஆனால் கிழிந்துவிட்டது" என்று பயந்துபோய் வருபவர்களிடம் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டால், உறையில் குறை இருந்ததாகத் தெரிவது அபூர்வம். அதை வைத்திருந்த இடமோ, பிரித்த விதமோ, அதனுடன் சேர்த்துத் தடவிய பொருளோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

எங்கள் ஊர் லாரித் தொழிலை நம்பியது என்பதால் ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் நடுத்தர வயதுடைய ஒருவர், அரசு இலவசமாகக் கொடுக்கும் உறைகள் தரமற்றவை என்று உறுதியாக நம்பினார். "கையில வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டதும் சட்டைப்பைக்குள்ளிருந்த மணிபர்ஸிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பாக்கெட்டின் ஓரங்கள் தேய்ந்து, அச்சிட்ட எழுத்துகள் அழிந்து, காலாவதித் தேதியைப் படிக்கவே முடியவில்லை. கோடை முழுவதும் அது என்ஜின் சூட்டிலும் உடல் சூட்டிலும் வெந்திருக்கிறது. அலமாரியிலிருந்து புதிய பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இரண்டையும் விரல்களால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். புதியதில் உள்ளே அடைபட்டிருக்கும் காற்று மெத்தென்று நகர்ந்தது. பழையதில் காற்றே இல்லை, பிரித்தபோது உறை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, "இதை யாரும் சொல்லவே இல்லையே மேடம்" என்றார். புதிய பாக்கெட்டைப் பிரிக்கச் சொன்னபோது பழக்கத்தில் பல்லுக்குக் கொண்டுபோனார். உள்ளிருக்கும் உறையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, பல்பல்லாக வெட்டியிருக்கும் ஓரத்தைக் கையாலேயே கிழிக்க வேண்டும் என்று காட்டினேன்.

எண்ணெய் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. நம் வீடுகளில் எந்த நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. வறட்சியால் வலிக்கிறது என்று மனைவி சொன்னதும் அன்போடுதான் அதை எடுத்துத் தடவுகிறார்கள். ஆனால் தேங்காய் எண்ணெய், வாசலின், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய் எல்லாமே உறை செய்யப்பட்டிருக்கும் லேடக்ஸ் ரப்பரை நிமிடக்கணக்கில் பலவீனமாக்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உறவின் நடுவே கிழியும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதையே பயன்படுத்த வேண்டும். ஒருமுறை வந்த தம்பதியர் எண்ணெய் எதையும் தொட்டதே இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். இன்னும் விசாரித்தபோது, வெள்ளைப்படுதலுக்காக அந்தப் பெண் பூஞ்சைத் தொற்றுக்கான பிறப்புறுப்புக் களிம்பைப் போட்டுவந்தது தெரிந்தது. அந்த வகைக் களிம்புகளும் உள்ளே வைக்கும் மாத்திரைகளும் லேடக்ஸைக் கெடுக்கக்கூடியவை. மருந்தை எழுதிக்கொடுப்பவர்கள் இதை ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருக்கும்.

இளைஞர் ஒருவர் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறைகளை அணிந்திருந்தார். இரண்டும் உரசிக் கிழியும் வாய்ப்புதான் கூடுகிறது, ஒன்றே போதும். அவரிடமே மாதிரியைக் கொடுத்து அணிவிக்கச் சொன்னபோது, உறையைத் தலைகீழாக வைத்து உருட்ட முயன்றார். உருளவில்லை என்றதும் திருப்பிப் போட்டார். நிஜத்தில் அப்படிச் செய்யக்கூடாது. முதலில் பட்ட பக்கத்தில் உறவுக்கு முன்பே கசியும் திரவம் ஒட்டியிருக்கும் என்பதால் அதை எறிந்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். குறி முழுமையாக விறைத்த பிறகு, துணையின் உடலில் படுவதற்கு முன்பே, உருட்டிய வளையம் வெளிப்பக்கம் இருக்குமாறு வைத்து, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டிவிட வேண்டும். கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பாதியில் எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு பாதிதான்.

பிரச்சினைகளில் இன்னொரு பெரும்பங்கு முடிந்த பிறகு வருவது. விந்து வெளியேறியதும் அப்படியே படுத்துவிட்டால் விறைப்புத் தளர்ந்து உறை உள்ளேயே நழுவிவிடும். விறைப்பு இருக்கும்போதே அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, முடிச்சுப் போட்டு, தாளில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

"இவ்வளவு பார்க்கணுமா அக்கா, எப்படியும் நூறு சதவீதம் இல்லையே?" என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் ஏறத்தாழ 2 பேர் கருத்தரிப்பார்கள். சாதாரணமாக மக்கள் பயன்படுத்தும் விதத்தில் அது 13 பேர் ஆகிறது. இந்த 11 பேரின் வித்தியாசத்துக்காகத்தான் மேசையில் மர மாதிரியை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தோலோடு தோல் படுவதால் பரவும் அக்கி வகைப் புண்களையும் மருக்களையும் உறை முழுமையாகத் தடுக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் கிழிந்துவிட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்துவதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 28 நாள்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கும் தாமதம் கூடாது. எங்கள் பக்கத்து மருந்துக்கடைகள் பலவற்றில் அந்த மாத்திரையைக் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கடை கடையாக அலையாமல் நேராக அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் செல்லுமாறு சொல்கிறேன். நேரில் வரத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசலாம்.