கொரோனா டைம்ல நம்ம சேலம், ஏற்காடு பக்கம் எதிர்பாராம யாருக்கு நல்லது நடந்துச்சு?

அழகாபுரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கக்கா பையன் எகனாமிக்ஸ் படிக்கிறான். பெருந்தொற்று காலத்துல யாரும் எதிர்பார்க்காம மேல வந்தவங்க யாருன்னு காலேஜ்ல பேசச் சொல்லிருக்காங்களாம். நெட்ல தேடுனா எல்லா எடத்துலயும் ஒரே கதைதான். ஜூம்ல 2019 டிசம்பர்ல ஒரு நாளைக்கு 1 கோடி பேர் மீட்டிங்ல இருந்தது 2020 ஏப்ரல்ல 30 கோடிக்குப் போச்சு, பார்லே-ஜி அது வரைக்கும் விக்காத அளவுக்கு வித்துச்சு, லேப்டாப்புக்கு அடிச்சுப்புடிச்சு ஆளுங்க நின்னாங்க. அதெல்லாம் அவனே படிச்சுட்டான். எனக்கு வேண்டியது நம்மூர்ல கண்ணால பாத்தது.

எங்க தெருவுல நான் பாத்தத மொதல்ல சொல்லிடறேன். பக்கத்து வீட்டுல ஒரு அக்கா ஜாக்கெட் தைக்கிறவங்க, ஜூன் மாசம் ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர்தான் அவங்களுக்கு வருசத்துக்கே சோறு. 2020ல அது சுத்தமா இல்ல. ஆனா மகளிர் குழு மூலமா மாஸ்க் தைக்கிற ஆர்டர் வந்துச்சு, குழுவுல யார் யார்கிட்ட மெஷின் இருந்துச்சோ அத்தன பேரும் உக்காந்தாங்க. கொஞ்ச நாள்ல கடைல எலாஸ்டிக் தீந்து போச்சு, எங்கயும் கெடைக்கல, அப்ப அவங்க என்ன பண்ணாங்கன்னா அதே காட்டன் துணிய நீளமா வெட்டி, மடிச்சு தச்சு, பின்னாடி கட்டிக்கிற மாதிரி நாலு நாடா வெச்சாங்க. காது வலிக்கலன்னு வயசானவங்க அதத்தான் கேட்டு வாங்குனாங்க. அந்தக் காசுல கால்ல மிதிக்கிற மெஷினுக்கு மோட்டர் போட்டுட்டாங்க. அப்பறம் கம்பெனி மாஸ்க் சல்லிசா வந்ததும் ஆர்டர் நின்னு போச்சு, மோட்டர் மட்டும் இன்னும் ஓடுது.

இந்த மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க. வந்த நல்லது நின்னுச்சா, போயிடுச்சா, அதையும் சேத்து சொன்னீங்கன்னா அவனுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

நாகலூர் காப்பிக்காரன்:

அண்ணா வணக்கம். ஏற்காட்டுல எங்களுக்குக் கொஞ்சமா காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏத்திருக்கோம். மலைல நடந்தத நான் சொல்றேன்.

ஏற்காடுன்னா வெளியாளுங்களுக்கு டூரிஸ்ட் ஊரு. அந்த ஏற்காடு படுத்துருச்சு. 2020லயும் 2021லயும் கோடை விழாவே இல்ல. 2020 செப்டம்பர்ல மத்த ஊருக்கெல்லாம் இ-பாஸ எடுத்துட்டாங்க, ஆனா நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூணுக்கும் எடுக்கல. லாட்ஜ்ல வேல பாத்தவங்க, ஜீப் ஓட்டுறவங்க, ஏரிகிட்ட மிளகாய் பஜ்ஜி போடுறவங்க எல்லாரும் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, அத மொதல்ல சொல்லிடணும். ராத்திரில மட்டும் எறங்குற காட்டெருமை பட்டப்பகல்ல ரோட்டுல வந்து நின்னுச்சு, அதப் போட்டோ எடுத்து இயற்கை ஜெயிச்சுடுச்சுன்னு நெறைய பேர் போட்டாங்க. கீழ குடும்பம் பட்டினி கெடக்கறப்ப எனக்கு அந்தப் பேச்சு புடிக்கல.

தோட்டத்துல நடந்தது வேற. எங்களது அரபிகாங்கற காப்பி வகை. நவம்பர்லருந்து பழம் பறிச்சு, பல்ப்பர் மெஷின்ல மேல்தோல் எடுத்து, ஊற வெச்சுக் கழுவி, களத்துல காயப்போட்டா உள்தோலோட ஒரு கொட்டை வரும், அதுதான் பார்ச்மென்ட். சிறு விவசாயி அத மூட்டை கட்டி அப்படியே வியாபாரிக்குக் குடுத்துடுவான், அவங்க சொல்றதுதான் விலை. 2020 மார்ச் 25ல லாக்டவுன் போட்டதும் வியாபாரி யாரும் மேல வரல. வீட்டுல ஒரு ரூம் பூரா மூட்டை, கைல காசு இல்ல. காப்பிக் கொட்டை பால் மாதிரி இல்லீங்க, காஞ்சு நல்லா இருந்தா மாசக்கணக்குல கெடாது, அதுதான் எங்களக் காப்பாத்துச்சு.

எங்க அம்மா வீட்டுக்கு மட்டும் வறுத்துப் பொடி பண்றவங்க. கொஞ்சம் கொட்டைய தோல் உடைச்சு, பெரிய இரும்புச் சட்டில வெறகு அடுப்புல வறுத்து, சேலத்துல இருக்குற சொந்தக்காரங்களுக்கு குடுத்தனுப்புனோம். காய்கறி வண்டிக்கு பாஸ் இருந்துச்சு, அதுல மலைய விட்டு எறங்கிடும். அவங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட, பால் கார்டு மாதிரி வாரா வாரம் ஆர்டர் வந்துச்சு. வறுக்குற பக்குவம்தான் இதுல எல்லாம், மொத வெடிப்பு சத்தம் வந்ததும் தீய வெளிய இழுத்துடணும், கொஞ்சம் விட்டா கரியும், அம்மா சத்தத்த வெச்சே சொல்லுவாங்க. வியாபாரி குடுக்குற விலைய விட இது எவ்வளவோ மேல இருந்துச்சு.

அடுத்த வருசம் ஒண்ணு நடந்துச்சு. 2021 ஜூலைல பிரேசில்ல உறைபனி விழுந்து காப்பிச் செடி கருகுச்சு, அதுக்கு முன்னாடியே அங்க வறட்சி, கப்பலுக்குக் கன்டெய்னர் வேற கெடைக்கல. அரபிகா விலை உலகம் பூரா ஏறுச்சு. சரக்க வெச்சிருந்தவனுக்கு அதுல நல்ல காசு, அவசரத்துக்கு முன்னாடியே வித்தவனுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அக்கா பையன் எகனாமிக்ஸ்ங்கறதால சொல்றேன், இதுல பாதி கொரோனா, பாதி பிரேசில், ரெண்டையும் பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

சிவதாபுரம் பட்டறை:

நாங்க கொலுசு வேலை. வெள்ளி கிலோ 2020 மார்ச்ல 40 ஆயிரத்துக்கும் கீழ எறங்குனது ஆகஸ்ட்ல 70 ஆயிரத்த தாண்டிருச்சு. வெளிய இருந்து பாக்குறவங்க சேலத்து வெள்ளிக்காரங்களுக்கு யோகம்னு சொன்னாங்க. யோகம் அடிச்சது வெள்ளிய கைல வெச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான்.

எங்க தொழில்ல முக்காவாசி பேர் கூலிக்கு செய்றவங்க. வெள்ளி கடைக்காரரோடது, கம்பி இழுக்குறது, வளையம் கோக்குறது, அத சூட்டுல ஒட்டிப் பத்த வைக்கிறது, மெருகு போடுறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுல நடக்கும். விலை ரெண்டு மடங்கு ஆனா கடைக்காரர் ஆர்டர கொறைப்பாரு, ஏன்னா அதே காசுக்குப் பாதி வெள்ளிதான் வரும். எடை கொறஞ்சா கூலியும் கொறஞ்சுது. வடக்குல கடையெல்லாம் மூடிருந்துச்சு, போன சரக்குக்குப் பணமும் வரல.

நல்லதுன்னு சொல்லணும்னா லேசான எடைல கொலுசு செய்யத் தெரிஞ்சவங்களுக்கு வேலை வந்துச்சு. வெள்ளி ஏறுனதும் ஜனங்க கம்மி கிராம்ல பாக்கப் பெருசா தெரியிற மாதிரி கேட்டாங்க. அதுக்குக் கம்பி மெலிசு, பத்த வைக்கிறப்ப சூடு கொஞ்சம் கூடுனாலும் கம்பியே உருகிடும். எங்க தெருவுல அந்தக் கை இருக்குற பொம்பளைங்க ரெண்டு மூணு பேர் இருந்தாங்க. முன்னாடி அவங்கள யாரும் பெருசா கண்டுக்கல, அப்ப வீடு தேடி வந்து வேலை குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளி அதுக்கப்பறம் நடுவுல எறங்குனாலும் மறுபடி ஏறிடுச்சு, அதனால அந்த வேலை நிக்கல.

தாரமங்கலம் அக்கா:

எல்லாரும் தொழில் சொல்றீங்க, நான் கல்யாணத்த சொல்றேன். என் தங்கச்சிக்கு 2020 ஜூன்ல முகூர்த்தம். மண்டபம் அட்வான்ஸ் குடுத்தாச்சு, எங்கப்பா காட்ட அடமானம் வெக்க ஆளு கூடப் பேசிட்டாரு. அப்ப கவர்மென்ட் 50 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு ரூல் போட்டுச்சு. மாப்ள வீட்டுல ஊரக்கூட்டி செய்யணும்னு ஒத்தக்கால்ல நின்னவங்க, எதுத்துப் பேச வழியில்லாம சரின்னுட்டாங்க. வீட்டு வாசல்லயே பந்தல் போட்டு, அத்தை சித்தி எல்லாம் சேந்து சமைச்சு, காலைல தாலி கட்டி மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. காடு அடமானத்துக்குப் போகல. அந்தக் காட்டுல இன்னிக்கும் எங்கப்பா குச்சிக்கெழங்கு போட்டு ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பிட்டு இருக்காரு, கடன் இல்லாம.

எத்தனையோ பொண்ணப் பெத்தவங்க அந்த ரெண்டு வருசத்துல கடன் வாங்காம கல்யாணம் முடிச்சாங்க. இத யாரும் எழுதுறதே இல்லன்னு எனக்கு ஆதங்கம். அதே சமயம் சமையல் மாஸ்டர், மேளக்காரங்க, பந்தல்காரங்க, பூக்கட்டுறவங்க வீட்டுல அடுப்பு எரியல. எங்க கல்யாணத்துக்கு வர வேண்டிய நாதஸ்வரக்காரருக்கு அப்பா பேசுன தொகைய முழுசா குடுத்துட்டாரு, அவரு வேணாம்னு சொல்லியும் கேக்கல. நின்னுச்சான்னு கேட்டீங்க. இல்லீங்க. 2022லயே பழையபடி ஆயிரம் பேருக்கு எலை போட ஆரம்பிச்சுட்டாங்க.

லேப் டெக்னீசியன்_சேலம்:

நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறேன். எங்க துறைல நடந்தத சொன்னா தம்பிக்கு உபயோகமா இருக்கும்.

கொரோனாக்கு முன்னாடி, வைரஸ் இருக்கான்னு பாக்குற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்னு சொன்னா சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது, அந்த வசதியும் சில எடத்துலதான் இருந்துச்சு. 2020ல மெடிக்கல் காலேஜ் லேப் ஒவ்வொண்ணுலயும் மெஷின் வந்துச்சு, ஆளுங்களுக்கு ட்ரெயினிங் கெடச்சுது. கொரோனா போனாலும் மெஷின் போகலையே, அதுல வேற வைரஸ் டெஸ்டெல்லாம் இப்ப பண்ண முடியுது. ஆக்சிஜனும் அப்படித்தான். 2021 மே மாசம் ரெண்டாவது அலை உச்சத்துல நம்ம உருக்காலை வளாகத்துலயே 500 ஆக்சிஜன் படுக்கையோட சென்டர் தொறந்தாங்க. இரும்பு வேலைக்கு ஆக்சிஜன் தயாரிக்கிற எடம் பக்கத்துல இருந்தது அன்னிக்கு மனுசங்க மூச்சுக்கு உதவுச்சு.

இன்னொண்ணு, இத எங்க போனாலும் சொல்லுவேன். ஃப்ளூ வைரஸ்ல பி யமகட்டானு ஒரு வகை இருந்துச்சு, வருசா வருசம் தடுப்பூசில அதையும் சேத்துதான் போடுவாங்க. மாஸ்க், கைகழுவுறது, ஊரடங்கு எல்லாம் வந்ததும் ஃப்ளூ உலகம் பூரா படுத்துருச்சு. மத்த வகையெல்லாம் திரும்பி வந்துச்சு, பி யமகட்டா மட்டும் 2020 மார்ச்சுக்கு அப்பறம் உறுதியா எங்கயுமே கண்டுபிடிக்கப்படல. அத தடுப்பூசிலருந்து எடுத்துடலாம்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு. ஒரு கிருமிய ஒழிக்கணும்னு யாரும் கிளம்பல, வேற ஒண்ணத் தடுக்கப் போயி இது போயிருச்சு.

கேட்டலின் கரிக்கோங்கற விஞ்ஞானி பத்தியும் அவனப் பேசச் சொல்லுங்க. எம்ஆர்என்ஏன்னு, உடம்புல புரதம் செய்யச் சொல்ற ஒரு மூலக்கூறு, அந்த ஆராய்ச்சியவே புடிச்சுக்கிட்டு பணம் கெடைக்காம, 1995ல யுனிவர்சிட்டில பதவியவே எறக்கிட்டாங்க அந்தம்மாவ. விடல. 2005ல ட்ரூ வெய்ஸ்மனோட சேந்து அந்த ஆர்என்ஏவ உடம்பு எதிர்க்காம இருக்க வழி கண்டுபிடிச்சாங்க, அப்பவும் யாரும் பெருசா திரும்பிப் பாக்கல. 15 வருசம் கழிச்சு கொரோனா தடுப்பூசிக்காக உலகத்துக்கே அது வேண்டியிருந்துச்சு. 2023ல ரெண்டு பேருக்கும் நோபல். எனக்குக் கேட்டா இதுல பெரிய வெற்றி அவங்களுதுதான்.

ஆத்தூர்க்காரன்:

ரெண்டாவது அலைல எங்கண்ணன் போயிட்டாரு. பெட் கெடைக்கவே ஒரு ராத்திரி பூரா ஆம்புலன்ஸ்ல அலைஞ்சோம். அதனால நன்மை, யோகம்ங்கற பேச்சு என் காதுல ஏற மாட்டேங்குது, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி பேசுறப்ப போனவங்கள மொதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும்.

அண்ணன் பசங்க ரெண்டு பேரும் பிரைவேட் ஸ்கூல்ல படிச்சாங்க, பீஸ் கட்ட வழியில்லாம கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தோம். 2021ல தமிழ்நாடு பூரா லட்சக்கணக்குல பசங்க அப்படி வந்தாங்க. எங்கூரு ஸ்கூல்ல பசங்க கொறஞ்சு போச்சு, டீச்சர வேற ஊருக்கு மாத்தப் போறாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, இவங்கள்லாம் சேந்ததும் அந்தப் பேச்சு அடங்கிடுச்சு. அந்த டீச்சர் பெரிய பையன உக்கார வெச்சு ஸ்கூல் விட்ட பின்னாடியும் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப அவன் சேலத்துல பாலிடெக்னிக் படிக்கிறான். அந்த டீச்சருக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம். ஆனா அதுக்கு குடுத்த விலை என்னன்னு எங்க வீட்டுக்குத் தெரியும்.

அழகாபுரத்தான்:

ஆத்தூர் அண்ணா, மன்னிச்சுக்குங்க, உங்க அண்ணன் பத்திப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. நீங்க சொன்ன மாதிரியே போனவங்கள சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பான், நான் பொறுப்பு.

படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு தோணுச்சு. காப்பித் தோட்டத்து அம்மாவோட வறுக்குற பக்குவம், மெலிசுக் கம்பி பத்த வைக்கிறவங்க கை, ஸ்கூல்ல அந்த டீச்சர், கரிக்கோ, எங்க தெரு அக்கா மெஷின், எல்லாமே முன்னாடியே இருந்தது, கேக்கத்தான் ஆளு இல்ல. இத அவன்கிட்ட சொல்லப் போறேன். நாகலூர் தம்பி, இப்பவும் நேரா வீட்டுக்கு விக்கிறீங்களா, இல்ல வியாபாரிகிட்டயே திரும்பிப் போயிட்டீங்களா?

நாகலூர் காப்பிக்காரன்:

ரெண்டும் உண்டுங்ணா. டூரிஸ்ட் வர ஆரம்பிச்சதும் வேலைக்கு ஆள் கெடைக்கல, எல்லாத்தையும் வறுத்துப் பொட்டலம் போட முடியாது. அதனால பெரும்பகுதி வியாபாரிக்குத்தான் போகுது. ஆனா அன்னிக்கு சேந்த வீடுங்க பல பேர் விடல, அவங்களுக்குன்னு தனியா மூட்டை எடுத்து வெச்சுடறோம். வியாபாரிகிட்ட பேசறப்பவும், சரிப்படலைன்னா நானே வறுத்து வித்துக்கறேன்னு சொல்ல முடியுது, முன்னாடி அப்படி சொல்ல வாய் வராது. வறுக்குறதுக்கு சின்னதா ஒரு டிரம் மெஷின் வாங்கிருக்கோம், அம்மாவுக்கு இப்ப புகை இல்ல. தம்பிய ஒரு நாள் டிசம்பர்ல மேல வரச் சொல்லுங்க, பழம் பறிக்கிறதுலருந்து பாக்கட்டும். வந்தா குப்பனூர் ரோடு வழியா வரச் சொல்லுங்க, கூட்டம் கம்மி.