பணி ஓய்வுக்குப் பின் சிறுவர் பாட்டும் கதையும்: ஆசிரியர்களின் கைப்பிரதிகளில் கண்டவை

நாஞ்சில் வாசகன்:
ஓய்வு பெற்றபின் சிறுவருக்கு எழுத வரும் ஆசிரியர்களுக்குச் சொல்வதை, கவிஞர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையிடமிருந்தே தொடங்கலாம். 36 ஆண்டு ஆசிரியர் வேலை பார்த்து 1931-ல் ஓய்வு பெற்று, நாகர்கோவில் அருகே புத்தேரியில் தங்கினார். ‘மலரும் மாலையும்’ 1938-ல், ‘ஆசிய ஜோதி’ 1941-ல். இரண்டு நூலும் ஓய்வுக்குப் பின் வந்தவைதான்.

பாட்டு எழுத உட்காரும் ஆசிரியர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அவருடைய ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ என்ற பசு–கன்றுப் பாட்டை. எட்டே அடி. ஓர் அடி பசுவுக்கு, அடுத்தது கன்றுக்கு. அடிக்கு ஒரு வினைமுற்று: மேயுது, குதிக்குது, ஓடுது, நக்குது. எல்லாம் பேச்சு வடிவம். ‘மேய்கிறது’ என்று திருத்திக் கைதட்டிப் பாடிப் பாருங்கள், தாளம் தடுக்கும். எதுகை தேடினால் ஓர் இணையில்கூட அகப்படாது. பாட்டைத் தாங்குவது மோனை: அம்மா–அண்டை, நாவால்–நன்றாய், முத்தம்–முட்டி. பசுவின் அடி முடிந்ததும் ‘அங்கே’, ‘உடன்’, ‘பாலை’, ‘மடி’ என்று ஒரு தனிச்சொல் வந்து அடுத்த அடிக்குத் தள்ளிவிடும். பசுவால் மனிதருக்கு என்ன பயன் என்ற பேச்சே கிடையாது.

நம் தமிழாசிரியர்கள் பலர் இதற்கு நேர்மாறு. எதுகையைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடுவார்கள். பசுவுக்குத் துணையாக விசும்பு வந்து நிற்கும்! ஆறு வயதுக் குழந்தை அங்கேயே பாட்டை விட்டுவிடும்.

பக்க வடிவமைப்பாளர்:
தட்டச்சு விஷயம். கைபேசியில் குரல்வழி எழுதினால் ஒற்று அடிக்கடி விழுந்துவிடும். ‘வெள்ளைப்பசு’ ‘வெள்ளை பசு’ ஆகும். கதையில் அது வெறும் பிழை, மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். பாட்டில் அந்த ஒற்றின் அரை மாத்திரை ஒலியும் சேர்ந்து போகிறது. அதனால் பாட்டை மட்டும் கையால் எழுதிப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள்.

பழைய பாமினி, வானவில் எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கலாம். கெ, கே, கொ, கோ வரும் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். அடி எங்கே முடிகிறது என்பதற்கும் கையெழுத்துத் தாள்தான் ஆதாரம். பெரிய எழுத்தில் அச்சிடும்போது நீண்ட அடி மடிந்து இரண்டாகத் தெரியும். அது கவிஞர் உடைத்ததா, இடம் போதாமல் மடிந்ததா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கதை ஆசிரியர் குழு:
சிறு பிள்ளைகளுக்கான படக்கதைக்கு 16 பக்கம், நடு மடிப்பில் பின் அடித்த கட்டு (சென்டர் பின்) என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும். 18 பக்கக் கதை என்று ஒன்று கிடையாது. தலைப்பும் பதிப்பு விவரமும் போக 13 அல்லது 14 பக்கம் மிஞ்சும். பக்கத்துக்கு 20 முதல் 25 சொல், ஆக மொத்தம் 300 சொல்லை ஒட்டி. ஆசிரியர்களிடமிருந்து வருவதோ 1,000 சொல்லுக்குக் குறையாது. பெரும்பாலும் கத்தரிக்க வேண்டியவை முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்தான். முதல் பத்தி ஊரையும் மரத்தையும் வர்ணிக்கும், அது படத்தின் வேலை. கடைசியில் ஒரு தாத்தா வந்து கதையின் பொருளை விளக்குவார். தாத்தாவின் பெயர் எதுவானாலும் பேசுவது வகுப்பாசிரியர்தான்.

எழுதி முடித்ததும் ஏ4 தாள் நான்கை ஒன்றாக மடித்து 16 பக்கப் புத்தகம் ஆக்குங்கள். கதையைப் பென்சிலால் பக்கம் பக்கமாகப் பிரித்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் என்ன படம் என்று ஒரு வரி குறியுங்கள். அடுத்தடுத்து மூன்று பக்கம் ‘காகமும் அணிலும் பேசுகின்றன’ என்று வந்தால் ஓவியர் திண்டாடிப்போவார். உரையாடலைச் சுருக்கி யாரையாவது ஓடவோ விழவோ விடுங்கள். திடீர்த் திருப்பம் இரட்டைப்படைப் பக்கத்தில் வரட்டும். தாளைத் திருப்பினால்தான் அது கண்ணில் படும். ஒற்றைப்படையில் வைத்தால் எதிர்ப்பக்கத்தைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

எழுதியவரே வாசித்துக் காட்டினால் அது சோதனை ஆகாது. பழகிய வகுப்பறைக் குரல் எல்லா ஓட்டையையும் அடைத்துவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். தடுக்கிய சொல்லின் கீழ் ஒரு கோடு. ‘பார்த்துக்கொண்டிருந்தபோதிலும்’ மாதிரிச் சொற்களில்தான் முதல் கோடு விழும். வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் தீர்ந்தது.

மெய்ப்புத் திருத்துநர்:
ஒப்பந்தம் பற்றி ஒன்று. வாய்ப்பேச்சில் உரிமையைக் கொடுக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பாட்டுப் புத்தகம் என்றால் ஒலிப்பதிவு உரிமையையும் மின்னூலையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஓவியரோடு தனி ஒப்பந்தம் வேண்டும். மறுபதிப்பில் அதே படங்களைப் பயன்படுத்தலாமா என்பதை அதிலேயே போட்டுவிடுங்கள்.