அம்மாவுக்குக் கண்ணில் லிம்போமா சந்தேகம்: ஸ்டீராய்டை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

மலர்:
அம்மாவுக்கு வயது 67. இடது கண்ணில் கொசு பறப்பது போல இருக்கிறது என்று ஆரம்பித்தது. வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. கண்ணுக்குள் அழற்சி, யுவியைட்டிஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நன்றாகத் தெளிந்தது. மருந்தைக் குறைத்ததும் பழையபடி மங்கல். இப்போது வலது கண்ணிலும் வந்துவிட்டது. புதிதாகப் பார்க்கும் விழித்திரை டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், மூளைக்கு எம்ஆர்ஐயும் எடுக்க வேண்டும் என்கிறார். லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக, இருக்கலாமாம். கழுத்திலோ அக்குளிலோ நெறிகூடக் கட்டவில்லையே! கேட்கிற மருந்தை ஏன் நிறுத்துவது? கண்ணில் வந்ததற்கு மூளையில் என்ன தேடுகிறார்கள்?

பாண்டி:
எனக்கும் கண்ணில் லிம்போமாதான். கண் கொஞ்சம் முன்னே தள்ளி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, வழவழவென்று ஒரு தடிப்பு. மால்ட் வகை என்றார்கள். ரேடியேஷனோடு சரி. இப்போது கண் உலர்ந்து போவதற்குச் சொட்டு மருந்து மட்டும்தான். மெதுவாக வளரும் ரகம், பயப்படாதீர்கள்.

நுண்ணோக்கி:
பாண்டி அண்ணா, உங்களுக்கு வந்தது கண்ணைச் சுற்றியுள்ள திசுவில். கண்குழி, இமை, கண்ணீர்ச் சுரப்பி, வெண்விழியை மூடும் மெல்லிய சவ்வு, இங்கெல்லாம் வருவது பெரும்பாலும் அந்தச் சாதுவான வகை. மலரின் அம்மாவுக்குச் சந்தேகப்படுவது விழிக்கு உள்ளேயே வருவது. அது பி செல் என்ற வெள்ளணு வகையில் வரும், வேகமாக வளரும் லிம்போமாவாக இருப்பதுதான் வழக்கம். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஆறுதல் அடையவும் வேண்டாம், அலறவும் வேண்டாம்.

நான் பார்ப்பது நோய்க்குறியியல் ஆய்வக வேலை, அதனால் ஸ்டீராய்டு விஷயத்தைச் சொல்கிறேன். அது லிம்போமா செல்களையும் கொல்லும். அதனால்தான் தெளிவதும், குறைத்தால் திரும்புவதும். ஆனால் முழுதாக ஒழிக்காது. அந்த நிலையில் மாதிரி எடுத்தால் எங்கள் கைக்கு வருவது செத்த செல்களின் குப்பையும், வேடிக்கை பார்க்க வந்த டி செல்கள் என்ற சாதாரண வெள்ளணுக்களும்தான். நாங்கள் தேடுவதோ பெரிய, கோணல்மாணலான உட்கருவும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்பாகச் சைட்டோபிளாசமும் உள்ள செல்லை. சில சமயம் ஸ்லைடு முழுக்கத் துழாவினாலும் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும். கண்ணிலிருந்து எடுத்த பிறகும் சீக்கிரம் சிதைந்துவிடும். அந்தச் சிரிஞ்சு வந்தால் மற்ற வேலையைக் கீழே வைத்துவிடுவோம். கூடவே திரவத்தில் இன்டர்லூக்கின் 10, இன்டர்லூக்கின் 6-ஐ விட அதிகமா என்று பார்ப்பார்கள்; இரண்டும் செல்கள் தமக்குள் செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்கள். அதிகமாக இருந்தால் லிம்போமா பக்கம் சாயும். இந்த லிம்போமாவில் அடிக்கடி காணப்படும் எம்ஒய்டி88 மரபணு மாற்றத்தையும் தேடலாம். செல் கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

மூளை ஏன் என்றால், விழித்திரை மூளையின் நீட்சி மாதிரி. கண்ணுக்குள் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முன்னரோ பின்னரோ மூளையிலும் தலைகாட்டுகிறது. இது பெரும்பாலும் கண், மூளையோடு நிற்பதால் நெறி கட்டாததில் ஆச்சரியமே இல்லை.

மலர்:
ஜெல்லை எடுத்துவிட்டால் கண் சுருங்கிப் போகாதா? லிம்போமா என்றே ஆனால் அப்புறம் என்ன செய்வார்கள்?

நுண்ணோக்கி:
சுருங்காது. எடுக்க எடுக்க உப்புத் திரவத்தை உள்ளே விடுவார்கள். கலங்கல் போவதால் பலருக்குப் பார்வையே கொஞ்சம் தெளியும். பின்னாளில் புரை சீக்கிரம் வரலாம், அதற்குத் தனி அறுவை இருக்கிறது. லிம்போமா என்று உறுதியானால் கண்ணுக்குள்ளேயே மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடுவார்கள், ஒரு தடவைக்கு 400 மைக்ரோகிராம்தான். ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு மருந்தைப் போடுவதும் உண்டு, ரேடியேஷனும் ஒரு வழி. மூளையிலும் இருந்தால் நரம்பு வழியாக அதிக அளவு மெத்தோட்ரெக்சேட். அதனால் ரத்தப் புற்றுநோய் டாக்டரும் இப்போதே கூட இருப்பது நல்லது.

காசநோய், சிபிலிஸ், சில வைரஸ்கள்கூட இதே வேஷம் போடும். அவற்றுக்கும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஸ்டீராய்டை டாக்டர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும், நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அறுவைக்கு முந்தின நாள், மாதிரி எப்போது வரும் என்று ஆய்வகத்துக்குச் சொல்லியாகிவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தால் அத்தனை பாடும் வீண்.