டேஸ்டர் ட்ரேல எந்தெந்த பீர் எடுக்குறீங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்

மக்களே, ஒரு சந்தேகம். கிராஃப்ட் ப்ரூவரிக்குப் (சின்ன அளவுல சொந்தமா பீர் தயாரிக்கிற இடம்) போனா நாங்க டேஸ்டர் ட்ரேதான் சொல்லுவோம், சின்னச் சின்ன கிளாஸ்ல நாலஞ்சு வகை வரும்ல அதான், ஆனா போர்டுல அவ்ளோ பேரு இருக்குறதப் பாத்து முழிச்சிட்டு கடைசில பேரு நல்லாருக்குறதா பாத்து கையக் காட்டிடுறோம்.

லைட்டானதுல ஆரம்பிக்கணும்னு தெரியும். பில்ஸ்னர், அப்புறம் வீட் பீர் (ஜெர்மன் ஸ்டைல்னா வாழைப்பழம், கிராம்பு வாசனை வரும், பழம் எதுவும் போடுறதில்ல, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை), பேல் ஏல், கடைசில ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான பீர்), ஸ்டவுட் (கருப்பு பீர்). ஐபிஏவ முதல்ல குடிச்சிட்டா அந்தக் கசப்பு நாக்குலயே உக்காந்துக்கும், அப்புறம் பில்ஸ்னர் வெறும் தண்ணி மாதிரிதான்.

ஆனா கலர வச்சு வரிசை போடவும் முடியல. ட்ரை ஸ்டவுட் கன்னங்கரேல்னு இருந்தாலும் ஆல்கஹால் 4 சதவீதம் பக்கம்தான், பெல்ஜியன் ட்ரிப்பெல் தங்கக் கலர்ல சாதுவா இருக்கும், 8, 9 வரைக்கும் போகும். ஐபியு (பீரோட கசப்ப அளக்குற கணக்கு) நம்பரையும் முழுசா நம்ப முடியாது, மால்ட் (முளைகட்டி உலர்த்தின தானியம்) இனிப்பு தூக்கலா இருந்தா 60 கூட அவ்ளோ கசப்பாத் தெரியாது.

இப்ப கேள்வி: புளிப்பு பீர், அதான் சவர், எந்த இடத்துல வைப்பீங்க? முதல்லயே குடிச்சா மத்தது எல்லாம் சப்புன்னு ஆகிடுமா? அப்புறம் நாலும் வேற வேற ஸ்டைலா எடுக்குறது நல்லதா, இல்ல நாலுமே ஐபிஏவா எடுத்து ஒப்பிட்டுப் பாக்குறதா? ஸ்டவுட்ட மட்டும் நான் ஓரமா வச்சிடுவேன், ஜில்லுனு இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் குளிர் விட்டாத்தான் காபி, சாக்லேட் வாசனையே வருது. இது சரிதானா?