இங்கிலாந்து கவுன்சில் தேர்தல்: யாரை எதை வைத்து ஒப்பிடுவது? (அவசரம்)

புதுக்குடி:
வணக்கம். வியாழக்கிழமை கவுன்சில் (உள்ளாட்சி மன்றத்) தேர்தல். தபால் ஓட்டுச் சீட்டு வந்து மேசைமேலேயே கிடக்கிறது. நான்கு கட்சி நோட்டீஸும் ஒரே மாதிரி: ரோட்டுப் பள்ளத்தை அடைப்போம், கவுன்சில் வரியைக் கூட்ட மாட்டோம். எப்படி முடிவு செய்வது? ஓட்டுப் போட்டு விசாவுக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பனிக்காலம்:
தம்பி, எந்த ஊர், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? குடியுரிமை இல்லாதவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது.

ஹாரோவாசி:
அது தவறு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்து. அதனால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

இருபிள்ளையம்மா:
நாங்கள் வந்த புதிதில் வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை. சின்னவனுக்கு ராத்திரி முழுக்க இருமல். வீட்டுக்காரர் போனே எடுக்கவில்லை. வார்டு கவுன்சிலருக்கு எழுதினேன். கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்த்த பிறகுதான் அவர் அசைந்தார். அன்றிலிருந்து நான் கட்சி பார்ப்பதில்லை. மெயிலுக்குப் பதில் போடுகிற ஆளா, அவ்வளவுதான்.

பனிக்காலம்:
ஆள் நல்லவராக இருந்து என்ன அக்கா? பட்ஜெட் என்று வந்தால் கட்சி சொல்கிறபடிதான் கை தூக்குவார்.

இரவுப்பணி:
யார் வந்து என்ன ஆகப்போகிறது? விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் மட்டும் பெரியவர்களுக்கு ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட். நாங்கள் கடன் வாங்கித்தான் கட்டினோம். எந்த நோட்டீஸிலாவது இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா?

ஹாரோவாசி:
உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் விசாவும் ஆஸ்பத்திரியும் கவுன்சில் கையில் இல்லை. எது அவர்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நோட்டீஸை எடைபோட முடியும். லண்டனில் குப்பை, பெரும்பாலான ரோடுகள், முதியோர் பராமரிப்பு எல்லாம் ஒரே பரோ (நகரப் பகுதி) கவுன்சில் கையில். லண்டனுக்கு வெளியே பல இடங்களில் இரண்டு அடுக்கு: குப்பை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் என்ற சின்ன கவுன்சில், ரோடு அதற்கு மேலே கவுண்டி என்ற பெரிய கவுன்சில். டிஸ்ட்ரிக்டுக்கு நிற்பவர் பள்ளத்தை அடைப்பேன் என்றால் அது அவரால் ஆகாத காரியம்.

வரியைக் கூட்டவே மாட்டோம் என்பவரிடம், அப்படியானால் எந்தச் சேவையை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். பர்மிங்காம் கவுன்சில் 2023-ல் செலவுக்குப் பணமில்லை என்று சட்டப்படி அறிவித்தது (114-ஆம் பிரிவு அறிவிப்பு என்பார்கள்). அடுத்த வருடமே அங்கே வரி ஏறக்குறைய 10% ஏறியது, சேவைகளும் குறைந்தன. அப்புறம், இப்போது பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் கவுன்சில் இணையதளத்தில் அவருடைய வருகைப் பதிவையும் கூட்டக் குறிப்புகளையும் பாருங்கள். நோட்டீஸைவிட அது நம்பகமானது.

புதுக்குடி:
மிக்க நன்றி. இந்தியப் பாஸ்போர்ட், லண்டனுக்கு வெளியே. சீட்டில் மூன்று பேர் வரை போடலாம் என்றிருக்கிறது. மூன்றும் ஒரே கட்சியாக இருக்க வேண்டுமா?

இருபிள்ளையம்மா:
வேண்டியதில்லை. ஒருவரோடும் நிறுத்தலாம், மூன்றைத் தாண்டினால்தான் செல்லாது. கூட வந்திருக்கும் தாளில் உங்கள் பிறந்த தேதியை எழுதுங்கள், அன்றைய தேதியை அல்ல. விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்து வேண்டும். வியாழன் இரவு 10 மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் எண்ணுவார்கள். தபாலை நம்ப முடியாவிட்டால் உங்கள் வாக்குச்சாவடியில் நேரில் கொடுத்து, அங்கே தரும் படிவத்தை நிரப்பிவிடுங்கள். கவுன்சில் அலுவலகத் தபால் பெட்டியில் மட்டும் போடாதீர்கள், ஏற்க மாட்டார்கள்.